பட்டி விறைப்பு என்று நினைத்தது

இதில் மூத்திரம் என்ற சொல் பல தடவை வரும். அதை வாசிக்கக் கூச்சமாக இருந்தால், இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். நானும் அப்படிக் கூச்சப்பட்டவன். அதற்குக் கிடைத்த கூலி என் பைக்குள் இருக்கிறது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான, மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அதை உள்ளே விட்டால்தான் எனக்கு மூத்திரம் போகும்.

என் பெயர் சூசை. ஆலங்குடாவுக்குத் தெற்கே ஒரு கரைவலை வாடியில், கரையில் மீன்பிடி ஆட்கள் தங்கி வேலை செய்கிற இடத்தில், இருபத்தாறு வருடம் கயிறு இழுத்தேன். கரைவலை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்ட வலையை, அதன் இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் பிடித்துக் கரைக்கு இழுப்போம். கையால் மட்டும் இழுத்தால் அரை மணித்தியாலத்தில் கை கழன்றுவிடும். அதனால் இடுப்புக்குக் கீழே, புட்டத்தில் படுகிற மாதிரி ஒரு பட்டி கட்டுவோம். சாக்குத் துணியும் கயிறும் சேர்த்துத் தைத்த பட்டி. அதிலிருந்து ஒரு சின்னக் கயிறு வரும். அதன் முடிச்சைப் பெரிய கயிற்றில் சுற்றிக் கொளுவிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, பின்பக்கமாகவே நடந்து கரையேறுவோம். மேலே போனதும் கழற்றிவிட்டு, திரும்பத் தண்ணீர் ஓரம் போய்க் கொளுவ வேண்டும். முழுப் பாரமும் புட்டத்திலும், நாரி என்கிற அடிமுதுகிலும்தான்.

அந்தப் பட்டியால் புட்டமும் தொடையும் விறைத்துப்போகும். எங்கள் வாடியில் அதற்குப் பெயரே பட்டி விறைப்பு. எல்லோருக்கும் உண்டு. புதிதாக வருகிற ஆள் "அண்ணன், பின்பக்கம் மரத்துப்போச்சு" என்று சொன்னால், "இப்பதான் நீ ஆளாகியிருக்கிறாய்" என்று சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

நாரி நோ எனக்குப் புதிதில்லை. இந்த வேலையில் நாரி நோகாதவன் கிடையாது. ஆனால் அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. மீன் நிறைந்த வலைப் பையை, மடியை, கரையில் புரட்டும்போது, குனிந்தபடி ஒரு பக்கம் திரும்பினேன். நாரிக்குள் ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. அன்று பின்னேரம் இடது புட்டத்தில் தொடங்கிய வலி, தொடைக்குப் பின்னால் இறங்கிக் குதிக்கால் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி போனது.

பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் காட்டினேன். டொக்டர் சரியாகத்தான் சொன்னார். முதுகெலும்புத் துண்டுகளுக்கு இடையில் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கும், அது கொஞ்சம் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அமத்துகிறது, பெரும்பாலான ஆட்களுக்குச் சில வாரத்தில் தானாகக் குறையும், பாரம் தூக்க வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், ஆனால் படுத்தே கிடக்கவும் வேண்டாம் என்றார். குளிசை தந்தார். குளிசையைப் போட்டேன். கயிற்றையும் இழுத்தேன். சீசன் நடக்கும்போது எவன் வீட்டில் இருப்பான்?

மூன்றாம் கிழமை வலி வலது காலுக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, வாடியில் பலகையில் குந்தியபோது பலகை இருக்கிறதே தெரியவில்லை. புட்டம், அதற்கு நடுவில், முன்பக்கம், எல்லாம் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. மூத்திரம் பெய்யப் போனேன். நின்றேன், நின்றேன், சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு முக்கினால்தான் வந்தது.

வின்சன் என் மனைவியின் தம்பி. கயிற்றில் எனக்கு அடுத்த ஆள் அவன்தான். அவனிடம் விறைப்பை மட்டும் சொன்னேன். மூத்திரத்தைச் சொல்லவில்லை.

"பட்டி விறைப்புத்தானே மச்சான்," என்றான். "சுடுமணல்ல கொஞ்ச நேரம் குந்துங்க. ரத்தம் ஓடினா சரியாப் போயிரும்."

"கூடிப்போச்சுடா."

"வயசும் கூடிப்போச்சு. அக்காட்டச் சொல்லி ரெண்டு இளநி வெட்டிக் குடிங்க."

இளநீர் குடித்தேன். மூத்திரம் அடைத்துக் கிடக்கிறவன் அது உடம்புச் சூடு என்று நினைத்து, சனியும் ஞாயிறும் இளநீரும் தண்ணீருமாக உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து, நடு மத்தியானத்தில் வாடிக்குப் பின்னால் சுடுமணலில் குழி பறித்துக் குந்தினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் அது. சூடு தாங்க முடியாமல் எழும்பும் வரை குந்த வேண்டும் என்பதுதான் கணக்கு. எனக்குத் தாங்க முடியாமல் வரவே இல்லை. நல்ல சுகமாக இருக்கிறது என்று நினைத்து நெடுநேரம் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இடுப்புச் சாரம் மாற்றும்போது மேரி கண்டாள். மேரி என் மனைவி.

"இதென்ன பின்னுக்கு?"

"என்ன?"

"கொப்புளம் போட்டிருக்கு. ரெண்டு பக்கமும். தோல் உரிஞ்சும் போச்சு." விரலால் தொட்டாள். "நான் தொடுறது தெரியுதா?"

"தெரியேல்ல."

"சுட்டது தெரியேல்லையா உங்களுக்கு?"

அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற பெண். ஆனால் அந்த நிமிடத்தில் எங்கள் வாடி முழுவதையும் விட அவளுக்குத்தான் விசயம் விளங்கியது. பட்டியால் வருகிற விறைப்பு பட்டியைக் கழற்றினால் அரை மணியில் போய்விடும். சுட்டுத் தோல் உரிவது தெரியாத விறைப்பு அது இல்லை.

திங்கள் காலையில் இழுத்துக்கொண்டு போனாள். போன ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன். அவர்களில் பிழை இல்லை. இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை. சிங்களத்தில்தான் கதைத்தார். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். மொழி விளங்காமல் நடந்தது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

கால் வலி என்று மட்டும் சொன்னேன். மூன்று கேள்வி கேட்டார். ரெண்டு காலுக்கு நடுவில், புட்டத்தில், விறைப்பு இருக்கிறதா? மூத்திரம் போவதில் கரைச்சல் இருக்கிறதா? மலம் போவது தெரிகிறதா?

எனக்குப் பக்கத்தில் மேரி. மேசைக்கு அந்தப் பக்கம் என் மகள் வயதில் ஒரு மிஸ்ஸி, தாதி. கதவடியில் அடுத்த நம்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் ஆள் ஒருவன், காது இரண்டையும் திறந்து வைத்தபடி நிற்கிறான். மூத்திரம் போகவில்லை என்று இவன் போய் வாடியில் சொன்னால் சீசன் முடியும் வரைக்கும் பகிடி ஓயாது.

விறைப்பு இல்லை என்றேன். மூத்திரம் போகுதா என்றதற்கு, ஓம் என்றேன். எல்லாம் நல்லாத்தான் போகுது என்றேன்.

மேரி கொப்புளத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். இருபது வருடமாக அந்தப் பார்வைக்கு வாயை மூடிப் பழகியவள். அன்றைக்கும் மூடிக்கொண்டாள்.

டொக்டர் எழுதினார். எழுதி முடித்து, "இதில் ஏதாவது ஒன்று தொடங்கினால் அன்றைக்கே வர வேண்டும், அடுத்த நாள் என்று வைக்க வேண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். அது தொடங்கி அப்போது மூன்றாம் நாள்.

செவ்வாய்க்கிழமை சாரம் தானாக நனைந்தது. மூத்திரம் வருகிறது, அடைப்பு விட்டுப்போச்சு என்று சந்தோசப்பட்டேன். அதுவும் முட்டாள்தனம். தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் அது. புதன் காலை கட்டிலிலிருந்து இறங்கினேன், இரண்டு பாதமும் தொங்கியது. நிலத்தில் விழுந்தேன். விழுந்த இடத்தில் மலமும் போயிருந்தது. எனக்குத் தெரியாது. மேரிக்குத்தான் மணத்தது. கழுவினாள். கழுவிவிட்டு ஓட்டோவுக்குப் போன் பண்ணினாள்.

அதே ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை மிஸ்ஸி முதலில் செய்தது மூத்திரக் குழாய் போட்டது. கதீட்டர் என்பார்கள். பையில் ஒன்றரை லீற்றருக்கு மேல் வந்தது. சாதாரண மனுசன் அதில் மூன்றில் ஒரு பங்குக்கே கக்கூசுக்கு ஓடிப்போவான். எனக்கு வயிறு முட்டிய உணர்வே இல்லை. குழாய் போனதும் தெரியவில்லை. அன்றே அம்புலன்சில் ஏற்றிக் கொழும்புப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். கதிர் இல்லாமல், காந்தத்தால் உள்ளே பார்க்கிற படம். ஒடுக்கமான குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும். தோணியின் வெளி எஞ்சினுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்த மாதிரிச் சத்தம். வெளியே வந்ததும் தமிழ் டொக்டர் பிள்ளை ஒருத்தி திரையை இழுத்து மூடினாள். கையுறையைப் போட்டாள். "இங்க தெரியுதா? இங்க? இறுக்கிப் பிடியுங்கோ பாப்பம்," என்று பின் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஊசி முனையால் எல்லா இடமும் தொட்டாள். மூத்திரம், மலம், ஆண்மை எல்லாம் ஒன்று விடாமல், சந்தையில் மீன் விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள். என் கூச்சம் அங்கே ஒரு நிமிடத்தில் செத்தது. ஒரு நிமிடத்தில் சாகக்கூடிய ஒன்றை நான் நாலு நாள் காப்பாற்றி வைத்திருந்தேன்.

படத்தைக் காட்டி அவள் விளக்கினாள். முள்ளந்தண்டுக்குள் போகிற பெரிய நரம்பு நாரிக்கு மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே அது பல நரம்புகளாகப் பிரிந்து தொங்கும். வைத்தியத்தில் அதைக் குதிரை வால் என்கிறார்கள். எனக்கு அது நுனி பிரிந்துபோன கயிறாகத்தான் தெரிந்தது. காலுக்கு, மூத்திரப்பைக்கு, மலவாசலுக்கு, எல்லாவற்றுக்கும் போகிற இழைகள் அதில்தான். பிதுங்கிய தட்டு எனக்கு முழுசாக வெடித்து அந்த இழைகள் எல்லாவற்றையும் ஒன்றாக நசுக்கிக்கொண்டு நின்றது. நாரி நோ வருகிற ஆட்களில் மிகக் கொஞ்சப் பேருக்குத்தான் இப்படி ஆகும். ஆனால் ஆகினால் உடனே வெட்டி அமத்தத்தை எடுக்க வேண்டும்.

"எப்ப தொடங்கினது?"

"சனிக்கிழமை."

கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். திங்கட்கிழமைத் துண்டு. "இதில சலம் நல்லாப் போகுது எண்டு எழுதியிருக்கு."

நான் துண்டைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன்.

"திங்கள் எடுத்திருந்தா முழுசாச் சரியாகியிருக்குமோ?" என்று நான்தான் கேட்டேன்.

"அதை என்னால சொல்லேலாது ஐயா. ஆனா வேளைக்கு எடுத்தா நல்லது." சம்மதப் படிவத்தை நீட்டினாள். "இப்ப அதை யோசிக்காதீங்கோ. சைன் வையுங்கோ."

அன்று இரவே ஒப்பரேசன். முதுகெலும்பின் பின் ஓட்டில் கொஞ்சம் வெட்டி, பிதுங்கிய துண்டுகளை எடுத்தார்கள். விழித்தபோது கால் வலி போயிருந்தது. மூன்றாம் நாள் பெருவிரல் அசைந்தது. மேரி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலவில் அன்னம்மா கோவிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாளாம். எதற்கு என்று கேட்டேன். "நீங்க நடக்க," என்றாள். மூத்திரத்தையும் சேர்த்து வைத்திருக்கலாமே என்று சொன்னேன். பகிடிக்குச் சொன்னது. அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த கட்டிலில் கனமூலையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நானா. வயல்காரர். ட்ராக்டர் குடைசாய்ந்து முதுகெலும்பு உடைந்தவர். இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் அசையாது. அவருக்கு வாய் மட்டும் ஓயாது.

"தம்பி, இந்த வார்ட்டுல சலாமுக்குப் பதிலா என்ன சொல்லுவாங்கண்டு தெரியுமா?" என்றார் முதல் நாள்.

"என்ன நானா?"

"மூத்திரம் போச்சா. காலையில பெரிய டொக்டர் அதத்தான் கேப்பாரு. மிஸ்ஸி அதத்தான் கேப்பா. கூட்டுற பொம்புள கூட அதத்தான் கேக்குறா."

அவர் மனைவி கொண்டுவருகிற கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை வரும். மேரி வராத நாட்களில் அந்த மனுசிதான் என் சாரத்தையும் கேட்காமலே எடுத்துத் துவைத்துப் போட்டாள். மேரி இரண்டு பஸ் மாறி, போக வர முழு நாள் செலவழித்து வருவாள். வந்து பத்து நிமிடம் இருந்தால் காவல்காரன் விசில் ஊதுவான். அந்தப் பத்து நிமிடத்தில் என் பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பாள். எனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. தெரிகிறது என்று சொல்வேன். அந்தப் பொய்யையும் எழுதி வைக்கிறேன்.

பத்தாம் நாள் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தானாகப் போனால் தப்பினேன். அன்று மேரியைக் கூட நிற்க மிஸ்ஸி விட்டிருந்தாள். என்னைத் தாங்கிக்கொண்டு கக்கூசுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். பைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் வரும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். வாளி நிறைந்தது. கவிழ்த்துவிட்டு மீண்டும் வைத்தாள். அதுவும் நிறைந்தது.

"கொஞ்சமும் இல்லையா?"

"இல்ல."

"அவசரப்படாதிங்க. நான் வெளிய நிக்கிறன்."

வெளியே நின்றாள். நான் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, வயிற்றை அமத்தி, செபமாலையில் பாதி சொல்லி முடித்தேன். பின்னேரம் ஸ்கேன் பார்த்தார்கள். பை நிறைந்து கிடந்தது. குழாய் திரும்பவும் ஏறியது. கட்டிலுக்கு வந்தபோது நானா ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் வாய் மூடியிருந்ததைக் கண்டேன்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் பார்த்தார்கள். அதே கதைதான். நரம்பு மெதுவாகத் திரும்பலாம், ஒரு வருடம், இரண்டு வருடம் கூட எடுக்கலாம், திரும்பாமலும் போகலாம் என்றாள் டொக்டர் பிள்ளை. குழாயை நிரந்தரமாக வைத்தால் கிருமி பிடிக்கும், நாலு ஐந்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நானே போட்டு எடுக்கப் பழக வேண்டும் என்றாள். பழகினேன். கையைச் சோப் போட்டுக் கழுவ வேண்டும், பசை பூச வேண்டும், மெதுவாக விட வேண்டும். முதல் நாள் பட்ட பயம் எனக்குப் புயல் காற்றில் தோணியில் நின்றபோது கூட வரவில்லை. மற்ற விசயம், புருசன் பெண்சாதி விசயம், அதுவும் போய்விட்டது. அதற்கு மேல் எழுதமாட்டேன்.

நான் தடி ஊன்றி நடந்து வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நானா கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூத்திரம் தானாகப் போகத் தொடங்கியிருந்தது. கால் மட்டும் வரவில்லை.

"உனக்குக் கால், எனக்கு மூத்திரம்," என்றார். "ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு முழு ஆளு தேறும் தம்பி."

அவர் சிரித்தார். அவர் மனைவி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேரி இன்று வரைக்கும் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், ஏசியிருந்தால், எனக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கும். அவள் வாயை மூடப் பழக்கியவன் நான். இப்போது திற என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

இந்த சீசனுக்குச் சம்மாட்டி, அதுதான் வலைச் சொந்தக்காரர், என்னை வாடியில் காவலுக்கு வைத்திருக்கிறார். கதிரையில் இருந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. பட்டியைப் பார்த்தாலே கோபம் வரும். போன மாதம், வின்சன் கயிற்றோடு கரையேறி வரும்போது ஒரு பக்கம் சரிந்து நடப்பதைக் கண்டேன். ஒரு கையால் நாரியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

கிட்டப் போனேன். "எங்க நோகுது?"

"நாரிதான் மச்சான். கொஞ்சம் பட்டி விறைப்பும்."

"மூத்திரம் போகுதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் பக்கத்தில் பார்த்துவிட்டு, "ஓம், ஓம்," என்றான். கெதியாக, என் கேள்வி முடியுமுன்பே சொன்னான். அந்த ஓம் எனக்குத் தெரியும். நான் சொன்ன அதே ஓம்.

வலை கிட்ட வந்துகொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் எவரும் கழற்றுவதில்லை. ஒருவன் விட்டால் பாரம் மற்றவன் மேல் விழும். நான் போய் அவன் முடிச்சைப் பிடித்துக் கழற்றினேன். கயிறு ஒரு முழம் பின்னால் ஓடியது. முழு வாடியும் என்னை ஏசியது. சம்மாட்டி ஏசியதை எழுத முடியாது. நான் வின்சனின் சாரத்தைப் பிடித்த பிடி விடாமல் ரோட்டுக்குக் கொண்டுவந்து பஸ் ஏற்றினேன். பக்கத்தில் இருந்தால் அவனும் கூச்சப்படுவான் என்று, அவன் மனைவியை வர வேண்டாம் என்று போனில் சொன்னேன்.

அதே ஆஸ்பத்திரி, டொக்டர் வேறு. அதே மூன்று கேள்வி. வின்சன் விறைப்பு இல்லை, மூத்திரம் போகுது என்றான்.

"இவன் சொல்றத நம்ப வேண்டாம் டொக்டர்," என்றேன் சிங்களத்தில். "நானும் இந்தக் கதிரையில் இருந்து இதையேதான் சொன்னேன்." பையைத் திறந்து குழாயை எடுத்து மேசையில் வைத்தேன். "அதற்குப் பிறகு இது."

டொக்டர் திரையை இழுத்தார். ஊசி முனையால் பார்த்தார். கால் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். ஸ்கேன் பண்ணச் சொன்னார். முழு மத்தியானமும் போனது. தசைப்பிடிப்பு மட்டும்தான். நரம்பில் ஒன்றுமில்லை. ஒரு கிழமை கயிறு பிடிக்க வேண்டாம் என்று குளிசை எழுதினார்.

பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் வின்சன் தொடங்கினான்.

"நாள் முழுக்கப் பாழ். வாடி முழுக்க இனி என்னைப் பாத்துச் சிரிக்கும். மூத்திரம் போகுதா, மூத்திரம் போகுதா எண்டு. உங்களுக்கு வந்தா ஊருக்கே வரணுமா மச்சான்?"

ஏசட்டும் என்று விட்டேன்.

ஏசிக்கொண்டே அவன் வேலியோரம் போனான். சாரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். முக்கவில்லை, காத்திருக்கவில்லை. காய்ந்த பனையோலையில் அது சடசடவென்று விழுந்தது. அவன் அங்கே நின்றபடியே ஏசினான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தைத்தான், அது நிற்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு எனக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் கக்கூஸ் சாவி கேட்கப் போனேன்.